வெயில் இலவசம், பில் தனி

காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் வசதியானவர்கள். எவ்வளவு வசதி என்றால், முற்றத்தில் காய வைத்த தானியத்தைக் கொத்த வருகிற கோழியை விரட்டுவதற்குக் கல்லைத் தேட மாட்டார்கள். காதில் கிடக்கிற கனமான குழையைக் கழற்றி வீசுவார்கள். அது வழியில் போய் விழும். பொம்மைத் தேர் உருட்டிக்கொண்டு வரும் குழந்தைகளுக்கு அது இடைஞ்சலாகக் கிடக்கும். சொல்வது பட்டினப்பாலை. எழுதியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கரிகாலன் காலத்துச் சங்கதி.

பள்ளிக்கூடத்தில் இந்த இடம் வரும்போது ‘சோழநாட்டின் செல்வச் செழிப்பு’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். எழுதிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கணக்குப் பதிவியல் படித்தவன் கண்ணுக்கு இதில் இன்னொரு விஷயம் தட்டுப்படும். காய வைப்பதற்கு அந்த வீட்டில் என்ன செலவு?

வெயில் இலவசம். முற்றம் சொந்தம். ஆனாலும் ஒரு பெண் பகல் முழுக்கக் காவல் உட்கார வேண்டியிருக்கிறது. அப்படியும் கோழி வருகிறது. கோழி வராத நாளில் மழை வரும். மழை வராத நாளில் காற்று மண்ணை அள்ளிப் போடும். இதில் போன தானியத்துக்கும் அந்தப் பெண்ணின் பொழுதுக்கும் யாரும் பில் போடவில்லை. அதனால் செலவே இல்லை என்று ஆகிவிட்டது.

சூரியனை வைத்துப் பயிரைக் காய வைக்கிற இரண்டாயிரம் வருடக் கதையும் இதுதான். வெயிலுக்குக் காசில்லை. காய வைப்பதற்கு உண்டு. அந்தக் காசை எப்போதும் யாரோ ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். யார் என்பதில்தான் மாற்றம்.

பட்டினப்பாலைக்கு எதற்குப் போக வேண்டும்? சென்னையின் மேற்கு ஓரத்தில், வேலப்பன்சாவடியை ஒட்டி இருக்கிற நூம்பலுக்குப் போங்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஏதாவது ஒரு மொட்டை மாடியைப் பாருங்கள். பழைய வேட்டியில் வடாம் காயும். முறத்தில் மிளகாய் காயும். பக்கத்தில் ஒரு பாட்டி குடையோடு உட்கார்ந்திருப்பார். கோழிக்குப் பதில் காக்கா, குழைக்குப் பதில் ஒரு நீளக் குச்சி. மற்றபடி டெக்னாலஜியில் பெரிய முன்னேற்றம் கிடையாது.

நாலு கிலோ வடாமுக்கு இது போதும். நாற்பது டன் நெல்லுக்கு?

நூம்பலிலிருந்து வடக்கே கிளம்பி, அம்பத்தூரையும் புழல் ஏரியையும் தாண்டினால் செங்குன்றம். அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். புழுங்கல் அரிசி எப்படித் தயாராகிறது என்று தெரியுமில்லையா? நெல்லை ஊற வைக்கிறார்கள். ஆவியில் வேக வைக்கிறார்கள். வெந்த நெல்லில் எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான். அது 14 சதவிகிதத்துக்கு இறங்கினால்தான் அரைக்க முடியும். இல்லையென்றால் நொறுங்கும், அல்லது பூசணம் பிடிக்கும். ஆகவே களம். சிமெண்டு பூசிய பெரிய திறந்தவெளி. வெந்த நெல்லை அதில் கொட்டிப் பரப்பி, திரும்பத் திரும்பக் கிளறிவிட வேண்டும். வானம் கறுத்தால் ஓடிப்போய்க் குவித்து மூட வேண்டும். ராத்திரியில் ஊற வைப்பதும் வேக வைப்பதும், பகலில் காய வைப்பதும். தூக்கம் களத்து ஓரத்தில்.

இந்த வேலையை யார் செய்தார்கள்?

பெரும்பாலும் இருளர் குடும்பங்கள். பாம்பு, எலி பிடித்தும் காட்டுப் பொருள்கள் சேகரித்தும் பிழைத்த மக்கள். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத் தோல் வியாபாரம் படிப்படியாக நின்றது. வேறு வேலை தெரியாது, நிலம் கிடையாது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ ஒரு முன்பணம் வாங்கினார்கள். அதை அடைக்கக் குடும்பத்தோடு களத்துக்கு வந்தார்கள். வாங்கின கடன் அடையவே இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அது புத்தகத்தில் இருந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களைக் கொத்தடிமைத் தளையிலிருந்து மீட்ட செய்திகள் 2000க்குப் பிறகும் பல முறை வந்தன. சின்னக் குழந்தைகளும் அதில் இருந்தார்கள்.

‘இயற்கையான முறையில், வெயிலில் காய வைத்தது’ என்று ஒரு பையில் அச்சடித்திருந்தால் நமக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த வெயிலில் நின்றது யார் என்று பையில் அச்சடிக்க மாட்டார்கள்.

பிறகு களங்கள் சுருங்கின. நவீன ஆலைகள் வந்தன. கோபுரம் மாதிரி நிற்கிற டிரையர்களில் நெல்லை மேலேயிருந்து கொட்டி, சூடான காற்றை ஊதிச் சில மணி நேரத்தில் காய வைத்துவிடுகிறார்கள். மழையானாலும் சரி, ராத்திரியானாலும் சரி. இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு யோசனை வரலாம். ‘அந்தச் சூடான காற்றை சோலாரில் தயாரித்தால் என்ன?’

நல்ல யோசனை. ஆனால் அரிசி ஆலைக்காரர் சிரிப்பார். காரணம், உமி. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆலைக்குள்ளேயே வந்து விழுகிற எரிபொருள். அதைத்தான் பாய்லரில் போட்டு எரிக்கிறார். தன் வீட்டுக் குப்பையிலேயே அடுப்பு எரிகிறவரிடம் போய், கண்ணாடியும் தகரமும் வாங்கிக் கூரை மேல் போடச் சொன்னால் அவர் என்னத்துக்குப் போடுவார்? இலவசத்தோடு இலவசம் மோதினால், ஏற்கெனவே கையில் இருக்கிற இலவசம்தான் ஜெயிக்கும்.

சோலார் டிரையருக்குச் சரியான இடம், எரிபொருளைக் காசு கொடுத்து வாங்குகிற இடம். அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தச் சமாசாரம் எங்கே பிறந்தது என்று பார்த்துவிடலாம்.

1767. ஜெனீவாவில் ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் என்று ஒரு விஞ்ஞானி. மலை ஏறுவதில் பைத்தியம். கண்ணாடி ஜன்னல் போட்ட அறையில் வெயில் வந்தால் உள்ளே சூடு ஏறுகிறதே, அது எவ்வளவு தூரம் ஏறும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வெயிலில் வைத்தார். உள்ளே 87 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பழங்களை வைத்துப் பார்த்தார், வெந்துவிட்டன. பிறகு மரப்பெட்டி செய்து, உள்ளே கறுப்புத் தக்கை ஒட்டி, மேலே கண்ணாடி அடுக்குகள் போட்டு வைத்ததில் சூடு 109 டிகிரிக்குப் போனது. தண்ணீர் கொதிக்கிற சூட்டுக்கும் மேலே. நெருப்பில்லை, புகையில்லை.

இன்றைக்கு உலகத்தில் இருக்கிற அத்தனை சோலார் டிரையருக்கும் கொள்ளுத்தாத்தா இந்தப் பெட்டிதான். விஷயம் எளிமையானது. கறுப்பு நிறம் வெயிலை விழுங்கும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டைச் சுலபத்தில் வெளியே விடாது. நடுவில் மாட்டிக்கொண்ட காற்று சூடாகும். அந்தக் காற்றை எதன் மேல் செலுத்தினாலும் அதிலிருக்கிற ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும்.

அடுத்த முக்கியமான ஆள் நம் ஊர்க்காரர் மாதிரிதான். பம்பாயில் வேலை பார்த்த ஆங்கிலேயர், வில்லியம் ஆடம்ஸ். விறகும் நிலக்கரியும் விலை ஏறிக்கொண்டிருக்க, தலைக்கு மேலே இத்தனை வெயிலை வைத்துக்கொண்டு எதற்குக் காட்டை வெட்ட வேண்டும் என்று கேட்டார். கண்ணாடிகளை வைத்து வெயிலைக் குவித்துச் சமையல் செய்து காட்டினார். உஷ்ண நாடுகளில் எரிபொருளுக்குப் பதில் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவது பற்றி 1878ல் ஒரு புத்தகமே போட்டார். படித்தவர்கள் பாராட்டினார்கள். விறகு வியாபாரம் வழக்கம்போல நடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களில் டெல்லியிலிருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒரு சூரிய அடுப்பைக் கொண்டுவந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. கடைக்கு வந்தது. விற்கவில்லை. யாருக்குக் காலை ஒன்பது மணிக்குச் சாப்பாடு வேண்டுமோ அவர்களுக்கு அந்த நேரத்தில் வெயில் போதவில்லை. யாருக்கு விறகு சுள்ளி பொறுக்கினாலே கிடைக்குமோ அவர்களுக்கு அடுப்பு வாங்கக் காசில்லை.

1973ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகின. பெட்ரோல் விலை நாலு மடங்கானது. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் திடீரென்று சூரிய பகவானுக்கு மவுசு. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் பிரேஸ் ஆராய்ச்சி நிலையம், ஏழை நாடுகளின் விவசாயிகளுக்கு ஏற்ற டிரையர்களை வடிவமைத்துக்கொண்டிருந்தது. இந்தியாவில் 1982ல் மரபுசாரா எரிசக்திக்கென்று தனித் துறையே ஏற்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் எரிசக்தி மேம்பாட்டு முகமை வந்தது. வேளாண் பல்கலைக்கழகங்களின் கொல்லையில் எல்லாம் சாய்வான கண்ணாடி போட்ட மரப்பெட்டிகள் முளைத்தன.

அந்தப் பெட்டிகள் நன்றாகவே வேலை செய்தன. அதில் காய்ந்த மிளகாய் சிவப்பு மாறவில்லை. தூசியில்லை, ஈ இல்லை, கோழி இல்லை. ஆனால் விவசாயி வாங்கவில்லை. விவசாயிக்குப் புத்தி போதாது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். விவசாயி கணக்குப் போட்டிருந்தார் என்பதுதான் உண்மை.

ஒரு பெட்டியில் பத்து, இருபது கிலோ காயும். அறுவடை சமயத்தில் அவரிடம் இருப்பது டன் கணக்கில். அது காய்ந்து முடிந்துவிட்டால் அடுத்த அறுவடை வரை பெட்டி சும்மா கிடக்கும். வருடத்தில் ஒரு மாதம் ஓடுகிற லாரிக்குப் பன்னிரண்டு மாதம் தவணை கட்டுவீர்களா? போதாக்குறைக்கு, விளைச்சல் வருகிற நேரத்தில் மேகம் மூடிக்கொண்டால் பெட்டி வெறும் பெட்டி. சூரியனை மட்டுமே நம்பச் சொன்ன இயந்திரம் அது. மழை வந்தால் என்ன செய்வது என்று அதனிடம் பதில் இல்லை.

ஆக, மூன்று நிபந்தனை. எரிபொருளைக் காசு கொடுத்து வாங்குகிற தொழிலாக இருக்க வேண்டும். வருடம் முழுக்கக் காய வைக்கிற வேலை இருக்க வேண்டும். வெயில் இல்லாவிட்டாலும் வண்டி ஓட வேண்டும்.

இந்த மூன்றும் சரியாகப் பொருந்துகிற இடம் உங்கள் கையில் இருக்கிற டம்ளரில் இருக்கிறது. டீ.

செடியிலிருந்து பறிக்கிற தேயிலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ டீத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். இலையை வாட்டி, நசுக்கி, புளிக்க வைத்து, கடைசியில் டிரையருக்குள் தள்ளுகிறார்கள். சுமார் நூறு டிகிரி சூட்டில் காற்று அடித்து ஈரத்தை மூன்று சதவிகிதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கொஞ்சம் ஈரம் மிஞ்சினாலும் தூள் நமுத்துவிடும். கொஞ்சம் சூடு கூடினாலும் கருகிவிடும். தென்னிந்தியாவில் வருடம் பூராவும் இலை பறிக்கிறார்கள் என்பதால் டிரையருக்கு லீவே கிடையாது.

அந்தச் சூட்டுக்கு விறகு. ஒரு கிலோ தூளுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ விறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரு கால் கிலோ பாக்கெட் வாங்கும்போது, பக்கத்தில் ஒரு கால் கிலோ கட்டையையும் மனசுக்குள் வைத்துப் பாருங்கள்.

நீலகிரிக்கு இந்த விறகுப் பசி புதிதில்லை. வெள்ளைக்காரர்கள் குளிருக்குக் கணப்பு மூட்டியே சோலைக்காடுகளைக் கரைத்தார்கள். மரம் போதவில்லை என்றதும் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸ். 1843ல் ஊட்டிக்கு வந்தது. சீக்கிரம் வளரும், நன்றாக எரியும். மலை முழுக்க நட்டார்கள். சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் விறகுக்கென்றே ஒரு காடு.

1995ல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு வெட்டப்படுகிறது என்று நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கு. 1996 டிசம்பர் 12ம் தேதி வந்த உத்தரவு இந்தியாவின் காட்டுச் சட்டத்தையே புரட்டிப் போட்டது. நாடு முழுவதும் காடுகளில் மரம் வெட்டக் கட்டுப்பாடு. அந்த உத்தரவில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு பகுதி உண்டு. அதில் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். தோட்டக்காரர்கள் விறகுக்காக வளர்த்த மரங்களை வெட்டுவது பற்றி அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயிடம் அறிக்கை வாங்க வேண்டும். அதுவரை யூகலிப்டஸ், சீகை மரங்களை மட்டும், சொந்த உபயோகத்துக்கு மட்டும், குழுவின் அனுமதியோடு வெட்டிக்கொள்ளலாம்.

டெல்லியில் உட்கார்ந்து நீதிபதிகள் நீலகிரி டீ ஃபேக்டரிக்கு எந்த மரத்தை விறகாக்கலாம் என்று எழுத வேண்டிய நிலைமை. அடுப்புக்குள் போகிற கட்டைக்கு அதுவரை யாரும் சரியாக விலை போடவில்லை. அதைக் கோர்ட் போட ஆரம்பித்தது.

அதே 1990களில், தேனியை மையமாக வைத்து பிளாண்டர்ஸ் எனர்ஜி நெட்வொர்க் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. சி. பழனியப்பன் அதன் முக்கியமான மூளை. அவர்கள் செய்தது என்ன என்று புரிய, நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். மே மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டிலோ நூம்பல் பக்கமோ தகரக் கூரை போட்ட ஏதாவது ஒரு ஷெட்டுக்குள் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். மண்டை காயும். அந்தச் சூடு முழுக்க வேண்டாத சூடு. மின்விசிறி வைத்து அதை வெளியே தள்ளப் பாடுபடுகிறார்கள்.

டீ ஃபேக்டரிக்கும் அதே மாதிரி பெரிய தகரக் கூரை உண்டு. பழனியப்பன் குழுவினர் அந்தக் கூரையையே சோசூரின் பெட்டியாக மாற்றினார்கள். கறுப்புப் பூச்சுப் பூசிய தகடு. அதற்கு மேலே இடைவெளி விட்டுக் கண்ணாடி. கீழே சூடு இறங்காமல் தடுக்க ஒரு மெத்தை. உள்ளே நுழைகிற மலைக்காற்று தகட்டைத் தடவிக்கொண்டே போய்ச் சூடாகி, ஒரு பெரிய குழாய் வழியாக நேராக அடுப்பு அறைக்குப் போகும்.

இங்கேதான் அந்த மூன்றாவது நிபந்தனைக்கு விடை இருக்கிறது. இந்தக் கூரை அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. இருபது டிகிரியில் உள்ளே போய்க்கொண்டிருந்த காற்று, இப்போது வெயில் நேரத்தில் ஐம்பது, அறுபது டிகிரியில் உள்ளே போகும். நூறுக்கு ஏற்ற வேண்டிய மிச்சத்தை விறகு பார்த்துக்கொள்ளும். மேகம் வந்தால் விறகு கொஞ்சம் கூடப் போடு. ராத்திரியா? பழையபடி முழு விறகு. டிரையர் அதேதான், ஆள் அதேதான், டீயின் ருசியும் அதேதான். முதலாளிக்கு ஒரே ஒரு வித்தியாசம், விறகு லாரி கொஞ்சம் குறைவாக வரும்.

எவ்வளவு குறைவாக? இருநூறு சதுர மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இப்படிப்பட்ட ஒரு கூரையைத் தென்னிந்தியத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் போட்டு, விறகுக் கணக்கை எழுதிப் பார்த்தார்கள். பழனியப்பனும் சுப்பிரமணியனும் அதை 1998ல் ‘சோலார் எனர்ஜி’ என்ற சர்வதேச ஆய்விதழில் வெளியிட்டார்கள். விறகில் மிச்சம் ஏறக்குறைய கால் பங்கு.

நாமே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். தமிழ்நாட்டில் நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் ஐந்து யூனிட் அளவுக்குச் சூரிய சக்தி விழுகிறது. கூரை அதில் நாற்பது சதவிகிதத்தைப் பிடித்தால் இரண்டு யூனிட். ஒரு கிலோ காய்ந்த விறகில் நாலு யூனிட் சூடு இருக்கிறது. அடுப்பில் பாதி வீணாகி, பாதிதான் வேலைக்கு வரும். அதுவும் இரண்டு யூனிட். ஆகவே, ஒரு சதுர மீட்டர் கூரை ஒரு வெயில் நாளைக்கு ஒரு கிலோ விறகைக் காப்பாற்றும். நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபமான கணக்கு. இருநூறு சதுர மீட்டருக்கு நாளைக்கு இருநூறு கிலோ. மலையில் மழையும் மூடுபனியும் போக இருநூறு நாள் வெயில் என்று வைத்தாலும், வருடத்துக்கு நாற்பது டன். ஒரே ஒரு ஃபேக்டரியில்.

இப்படியொரு சங்கதி கையில் இருந்தால், இந்நேரம் நீலகிரியிலும் வால்பாறையிலும் கூரையெல்லாம் கண்ணாடியாக மின்ன வேண்டாமா? சில ஃபேக்டரிகள் போட்டன. பெரும்பாலானவை போடவில்லை. ஏன்?

விறகு என்பது தினச் செலவு. இந்த மாதம் டீ விற்று, இந்த மாத விறகுக்குக் கொடுத்துவிடலாம். கூரை என்பது முதலீடு. அடுத்த பல வருடத்து விறகுக்கான பணத்தை இன்றைக்கே, மொத்தமாக, ஒரே செக்கில் கொடுப்பது மாதிரி. கணக்குப் பார்த்தால் லாபம்தான். ஆனால் அந்த செக்கைக் கிழிக்கிற தெம்பு வேண்டும். வீட்டில் சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாமா என்று யோசித்து, ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று கெய்சரையே போட்டவர்களுக்கு இது புரியும்.

அரசாங்கத்துக்கும் புரிந்திருந்தது. மானியம் கொடுத்தது. வருமான வரியில் தேய்மானம் என்று ஒரு கணக்கு உண்டு. ஓர் இயந்திரம் வாங்கினால் அதன் விலையை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். சூரியசக்திக் கருவிகளுக்கு மட்டும் ஒரு சலுகை. முழு விலையையும் முதல் வருடமே காட்டலாம். 100 சதவிகிதம். 2002ல் அதை 80 ஆக்கினார்கள். 2017ல் 40 ஆனது.

ஆனால் தேய்மானச் சலுகையில் ஓர் ஓட்டை இருக்கிறது. லாபம் வந்தால்தான் வரி. வரி இருந்தால்தான் சலுகை. நஷ்டத்தில் ஓடுகிறவனுக்கு நூறு சதவிகிதம் கொடுத்தாலும் ஒன்றுதான், ஆயிரம் சதவிகிதம் கொடுத்தாலும் ஒன்றுதான். நீலகிரியில் நடந்தது அதுதான். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. சின்ன விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். ஃபேக்டரிகள் தள்ளாடின. கூரையில் முதலீடு போடுவதைப் பற்றிப் பேச அதைவிட மோசமான நேரம் கிடையாது. விறகு மட்டும் தினமும் எரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கேட்டுக்கொண்டு.

அப்புறம் இன்னொன்று நடந்தது. ‘சோலார்’ என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிப்போனது.

2010 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரியசக்தித் திட்டம் வந்தது. 2022க்குள் 20,000 மெகாவாட் மின்சாரம் என்று ஓர் இலக்கு. அதே திட்டத்தில் இரண்டு கோடி சதுர மீட்டர் வெப்பத் தகடுகள் என்று இன்னோர் இலக்கும் இருந்தது. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பேனல் விலை மளமளவென்று சரிந்தது. மின்சாரத்தை கிரிட்டில் விற்கலாம், மீட்டரில் எண்ணலாம், ரிப்பன் வெட்டலாம். கூரைக்கடியில் போகிற சூடான காற்றுக்கு மீட்டரும் கிடையாது, ரிப்பனும் கிடையாது. ஒரு மின்சாரப் பேனல் விழுகிற வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். கறுப்புத் தகடு ஐந்தில் இரண்டு பங்கைச் சூடாக்கும். வேண்டியது வெறும் சூடு என்றால் எது மலிவு என்று கேட்க ஆள் இல்லாமல் போனது.

முழுக்க அணைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் போனால் அரை உருளை வடிவத்தில் பாலித்தீன் போர்த்திய கூடாரங்களைப் பார்க்கலாம். சூரிய கூடார உலர்த்தி. வேளாண் பொறியியல் துறை மானியம் கொடுத்துப் போட வைத்தது. தேங்காய்ப் பருப்பில் பாதி தண்ணீர். கொப்பரையாக வேண்டுமென்றால் ஈரம் ஆறு சதவிகிதத்துக்கு வர வேண்டும். திறந்த களத்தில் ஒரு வாரம் பிடிக்கும் வேலை கூடாரத்துக்குள் பாதி நாளில் முடியும். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமலிருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுகிற பழக்கத்துக்கும் இதனால் தேவை குறையும். மகாராஷ்டிராவில் எஸ்4எஸ் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம், கிராமத்துப் பெண்களிடம் சோலார் டிரையர்களைக் கொடுத்து, அவர்கள் காய வைக்கிற காய்கறியைத் தானே வாங்கி உணவுக் கம்பெனிகளுக்கு விற்கிறது. 2023ல் அதற்கு எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. கவனித்தீர்களா, கருவியோடு சேர்த்துக் கடனும் சந்தையும் வருகிறது. பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போன 1980களின் தப்பை யாரோ உட்கார்ந்து யோசித்துத் திருத்தியிருக்கிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதி. 2016ல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஒரே இடத்தில் அமைந்ததில் அப்போதைக்கு உலகத்திலேயே பெரியது என்று செய்தி போட்டார்கள். அதே மாவட்டம் முண்டு மிளகாய்க்கும் பேர் போனது. 2023ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. அறுவடை முடிந்த பிறகு அந்தப் பக்கம் காரில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். சாலை ஓரத்தில், தார்ப் பாயில், செக்கச்செவேலென்று மிளகாய் காயும். லாரி போகும்போது தூசு பறக்கும். ஆடு வரும். ஒரு பெண் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, கையில் குச்சியோடு, அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருப்பார்.

காதில் தங்கக் குழை இருக்காது. மற்றபடி வேலை அதேதான். பில்லும் அவர் பேரில்தான்.